என் முதல்நாளிடம் ஒரு கேள்வி

"சார், என் முதல்நாள்கிட்ட நான் ஒரு கேள்வி கேக்கணும்."

நான் சொல்லி முடிப்பதற்குள் மேசைக்கு அடியில் கனகமணி மேடத்தின் செருப்பு என் காலை மிதித்தது. நல்ல மிதி. வாயை மூடு என்று பொருள். மேடம் எங்கள் கல்லூரி முதல்வர். வெளியாள் யார் வந்தாலும் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வது அவர் வழக்கம். மிதிக்க வசதியாக இருக்கும்.

கடைசி வருடத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மைக் வைத்துச் சொல்லியிருந்தார். "அதிகாரி கேக்கதுக்குப் பதில் சொல்லுங்க. முதல்நாள் கேக்கதுக்குப் பதில் சொல்லுங்க. நீங்களா ஒண்ணும் கேட்டுறாதீங்க. ஏட்டி சந்தனமாரி, ஒனக்குத்தான் சொல்லுதேன்."

எனக்குத்தான் சொன்னார். காதில் விழத்தான் செய்தது.

மதிப்பீட்டு ஆணையத்திலிருந்து வந்திருந்த கிட்டுசாமி சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். ஓய்வு பெறப் போகிறவர்களுக்கு வரும் ஒரு நிதானம் அவரிடம் இருந்தது.

"கேக்கலாமுங்க கண்ணு. விதியில இருக்குது. ஒரு மாணவர், ஒரு கேள்வி. நானும் எத்தனையோ காலேஜு போயிட்டேனுங்க, ஒருத்தரும் கேட்டதில்ல. ஏன்னு இப்பத்தான் தெரியுது." சொல்லிக்கொண்டே மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

மேடம் காலை இழுத்துக்கொண்டார்.

மேசையின் மேல் டிபன் பாக்ஸ் அளவில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. அதற்குள் நான் இருந்தேன். பதினேழு வயது நான்.

ஒரு கல்லூரி தன் பிள்ளைகளுக்கு உருப்படியாக ஏதாவது செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முன்னெல்லாம் கட்டடத்தை அளந்தார்களாம். ஆய்வு நடக்கும் அன்றைக்கு மட்டும் வாடகைக்குப் பேராசிரியர்களைக் கொண்டுவந்து உட்காரவைத்து ஏமாற்றினார்கள். பிறகு மாணவர்களையே கேட்டுப் பார்த்தார்கள். நாலு வருடம் சோறு போட்ட இடத்தை யார் குறை சொல்வார்கள்? கடைசியில் யாரோ ஒரு மகராசனுக்குத் தோன்றியது: இந்தப் பிள்ளை என்ன ஆசையோடு வந்தது என்பது, வந்த அன்றைக்கு இருந்த அந்தப் பிள்ளைக்குத்தானே தெரியும்?

அதனால் சேர்ந்த முதல் வாரமே ஒவ்வொருவரையும் ஓர் அறையில் தனியாக உட்காரவைத்து எந்திரத்தோடு பேசவிடுவார்கள். பேச்சு, பயம், ஆசை, கோபம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அது ஒரு நகல் செய்து பூட்டி வைக்கும். அதற்குப் பெயர்தான் முதல்நாள். நாலு வருடம் கழித்து அதை எழுப்புவார்கள். நான் கேட்டு வந்தது எனக்குக் கிடைத்ததா என்று அது நாலு வருடம் வளர்ந்துவிட்ட தன்னையே விசாரித்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். குலுக்கலில் மூன்று பேரை எடுப்பார்கள். மூன்றில் ஒரு முதல்நாள் ஐந்துக்குக் கீழே போட்டாலும் அந்தக் கல்லூரிக்குப் புதுச் சேர்க்கை கிடையாது. எங்களைச் சுற்றி இருந்த கல்லூரிகள் அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கல்யாண மண்டபம் ஆயின.

எனக்கு முன்னால் இரண்டு பேர் முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு பேருக்கும் பத்துக்குப் பத்து. என் முதல்நாளும் நன்றாகத்தான் ஆரம்பித்தது.

"எனக்கு ஒரு நல்ல வேலை கிடைத்தால் போதுமானது சார். எந்த வேலையாக இருந்தாலும் சரி."

எனக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. யாரோ எழுதிய மென்பொருளில் ஓட்டை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் வேலை. அடுத்த வாரம் ரயில். அப்பா சூட்கேஸ் வாங்கி, அதைத் தெருவே பார்க்கும்படி வாசலில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டது கிடைத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் மூன்றாவது பத்தும் விழுந்திருக்கும்.

ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே. உப்பளத்துப் பிள்ளை 'போதுமானது' என்றெல்லாம் பேசுமா? பிறந்ததிலிருந்து எதையும் போதும் என்று சொன்னவள் இல்லை நான். ஒப்பித்த பாடத்தை நாலு வருடம் இருட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்து, எழுப்பியதும் அப்படியே சொல்கிறதே இந்தப் பிள்ளை என்று கோபம் வந்தது. அதனால்தான் கேட்டேன்.

"ஏட்டி" என்றேன் ஒலிபெருக்கியைப் பார்த்து. "நாந்தான். மாரி."

"தெரியுது. கொரலு ஏன் இப்பிடித் தகரம் மாதிரி ஆயிட்டு?"

"ஹாஸ்டல் மெஸ்ஸுல கத்திக் கத்தி. கேக்கட்டா?"

"கேளேன்."

"மேடம் சொல்லிக்குடுத்தத விட்டுரு. நீ என்ன ஆகணும்னு இங்க வந்த?"

  அது ரகசியம் பேசும் குரலில் கேட்டது: "மேடம் அங்கன இருக்காவளா?"

"இருக்காவ."

"வெய்வாவட்டி!"

கிட்டுசாமி சாருக்குச் சிரிப்பு வந்து, அது பாதியிலேயே நின்றுவிட்டது. மேடத்தின் பக்கம் திரும்பினார். "சொல்லிக்குடுத்ததுன்னா என்னங்க மேடம்?"

மேடம் சுற்றி வளைத்துப் பேசும் ஆள் இல்லை. "ஆமா சார். சொல்லிக்குடுப்பேன். அந்த ரூமுக்குள்ள போவதுக்கு முன்னால ஒவ்வொரு பிள்ளையாக் கூப்பிட்டு வச்சுச் சொல்லுவேன். ஆசையச் சின்னதாச் சொல்லுன்னு."

"எதுக்குங்க அப்படி?"

"மொத செட்டுக்கு நான் ஒண்ணும் சொல்லல. பிள்ளைய மனசுல இருந்தத அப்பிடியே சொல்லிட்டுது. ஒருத்தன் ராக்கெட் விடணும்னான். ஒருத்தி கடலுக்கு அடியில வீடு கெட்டணும்னா. பெரிய காலேஜுப் பிள்ளைக்கு அப்பன் கம்பெனி வச்சிருப்பான். அது போயி 'அப்பா கம்பெனியப் பாத்துக்கிடணும்'னு சொல்லும். நாலு வருஷத்துல பாத்துக்கிடும். பத்துக்குப் பத்து! என் பிள்ளைய உப்பளத்துலயும் வள்ளத்துலயும் இருந்து வருது. ஒண்ணும் இல்லாத வீட்டுல இருந்து வாற பிள்ளைக்கு ஆச வானத்த முட்டும் சார். எனக்கு மூணு மார்க்கு வந்துது. அப்ப வெறும் எச்சரிக்கையோட விட்டாவ. அடுத்து மூடத்தான் செய்வாவ. மூடிட்டா இந்தப் பொட்டப்பிள்ளையள எவன் பஸ் ஏத்தி வெளியூருக்குப் படிக்க அனுப்புவான்? ஆசைக்குத் தக்கன காலேஜ வளக்க எனக்கு வழி இல்ல. காலேஜுக்குத் தக்கன ஆசையக் கொறைச்சேன். தப்புன்னா எம்மேல எழுதுங்க, பிள்ளைய மேல எழுதாதீங்க."

இவரை வெறுப்பது சுலபமாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இரண்டாம் வருடம் எனக்கு டெங்கு வந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, அம்மாவுக்கு வேலையை விட்டு வர முடியவில்லை. மேடம்தான் கஞ்சித் தூக்கோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "செத்துக்கித்துத் தொலைஞ்சிராதட்டி, கணக்குல அரியர் இருக்கு" என்று திட்டிக்கொண்டே ஊட்டினார். அந்த அரியரை எழுதி முடிக்கும்வரை தினமும் சாயங்காலம் தன் அறையில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொள்வார். அவருக்கும் அந்தக் கணக்கு வராது. இரண்டு பேரும் சேர்ந்து பாஸானோம். விடுதிக் கழிவறைக்குக் கதவு போட மறுத்த நிர்வாகக் குழுத் தலைவரின் காரை மறித்துக்கொண்டு வாசலில் நின்றவர் அவர். இப்படிப்பட்டவர்தான் என் பதினேழு வயதை ஓரமாகக் கூப்பிட்டு, உன் ஆசையைக் கொஞ்சம் கத்தரித்துக்கொள் என்றார். நானும் கத்தரித்துக் கொடுத்தேன். கத்தரித்தது எங்கே போயிற்று என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.

மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு ஒலிபெருக்கியின் பக்கம் குனிந்தார்.

"ஏட்டி, நாந்தான். வெய்ய மாட்டேன். சொல்லு."

"நெசமாவா மேடம்?"

"இன்னொரு வாட்டி கேட்டன்னா வெய்வேன். சொல்லு."

"கிரேனு" என்றது அது.

"என்னது?"

"தொறமுகத்துல நிக்குல்லா மேடம், கப்பல்லயிருந்து பெட்டி தூக்குத கிரேனு. எங்க உப்பளத்துல நின்னாத் தெரியும். ஒவ்வொரு பெட்டியும் எங்க வீட்டவிடப் பெருசு. அத அலுங்காமத் தூக்கும், அலுங்காம லாரியில வைக்கும். இந்தப் பக்கம் எங்கம்மா தலையில உப்பச் சொமந்து சொமந்து கழுத்தத் திருப்ப முடியாம நிப்பா. அவளால திரும்பிப் பாக்கக்கூட முடியாது அத. நாந்தான் பாத்துக்கிட்டே நிப்பேன். அத ஓட்டணும்னு இல்ல மேடம். அது மாதிரி ஒண்ணு நான் செய்யணும். பெருசா இல்லாட்டியும் சரி, உப்பளத்துல நிக்குத மாதிரி சின்னதாவாவது. மெக்கானிக்கல் சேரணும்னுதான் வந்தேன். நீங்கதான, பொம்பளப் பிள்ளைக்கு அதுல வேல கெடைக்காது, கம்ப்யூட்டர்னு சொல்லு, எந்த வேலைன்னாலும் சரின்னு சொல்லுன்னு சொன்னீங்க?"

இதுதான் என் குரல். மூச்சு விடாமல், முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாமல். நாலு வருடமாக நான் கேட்காத குரல்.

"ஏட்டி மாரி" என்று என் பக்கம் திரும்பியது. திரும்புவதற்கு அதற்கு முகம் இல்லை. ஆனாலும் திரும்பியது. "செஞ்சியா?"

"இல்ல."

"வரைஞ்சாவது பாத்தியா?"

"இல்லட்டி. நான் படிச்சது கம்ப்யூட்டர்லா."

"கிட்டப் போயாவது பாத்தியா? அங்கன இருந்து பஸ்ஸு இருக்கே."

"அரியர் இருந்துச்சு."

"நாலு வருஷமுமா?"

நான் என் விரல் நகங்களைப் பார்த்தேன். கல்லூரிக்கு மந்திரி வந்தபோதுகூட நிமிர்ந்து நின்று, விடுதியில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னவள் நான். என்னைவிடச் சின்னப் பெண்ணுக்கு முன்னால் தலை குனிந்திருந்தேன்.

"அம்மா கழுத்து எப்பிடி இருக்கு?" என்று கேட்டது. குரல் இறங்கியிருந்தது.

"அப்பிடியேதான் இருக்கு. சொமக்கத்தான் செய்தா."

"அப்ப ஒண்ணும் நடக்கலையா?"

"எனக்கு வேல கெடச்சிருக்கு. சென்னையில."

"சென்னையிலயா" என்றது. சந்தோஷமும் இல்லை, குத்தலும் இல்லை. ஏதோ ஊர்ப் பெயரைத் திருப்பிச் சொன்ன மாதிரி.

கிட்டுசாமி சார் இதற்குள் தன் கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "மேடம், மெக்கானிக்கல் பிரிவு இப்ப இங்க இல்லீங்களா?"

"மூணு வருஷமாச்சு மூடி. உங்க ஆணையந்தான் மூடச் சொல்லிச்சு. லேத்து மெசினு குடுங்க, வெல்டிங் கூடம் குடுங்கன்னு நான் எழுதாத மாசம் கெடையாது. நேருலயும் போயிருக்கேன். எப்பமும் ஒரே பதிலு, தேவை காணப்படவில்லை. யாரு கண்ணுக்குக் காணப்படலன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

கிட்டுசாமி சார் பலகையை மேசையில் வைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேவைய எங்கிருந்து எடுக்கறாங்கன்னு நெனச்சீங்க மேடம்? முதல்நாள்கிட்ட இருந்துதானுங்க. மார்க்குப் போடறது இதோட பாதி வேலைதான். இன்னொரு பாதி, எந்தப் பக்கத்துப் புள்ளைங்க என்ன கேட்டு வருதுன்னு மொத்தமாக் கூட்டிப் பாக்கறது. அத வெச்சுத்தான் எந்த ஊருக்கு என்ன அனுப்பறதுன்னு முடிவு பண்றாங்க. உங்க காலேஜு, சுத்துப்பட்டுக் காலேஜு, இந்தக் கடலோரம் முச்சூடும் ஒரே பாட்டுங்க. எந்த வேலையாக இருந்தாலும் சரி. நீங்க மட்டும் சொல்லிக்குடுக்கல போல, எல்லாருமே சொல்லிக்குடுத்திருக்கீங்க. இந்தப் பக்கத்துப் புள்ளைங்களுக்கு மெசினு மேல ஆசை கிடையாதுன்னு எழுதிட்டாங்க. லேத்தெல்லாம் ஆசை இருக்கற பக்கம் போயிருச்சுங்க."

 மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

"அப்ப, மெக்கானிக்கல மூடுனது நாந்தானா?"

மேடம் கிட்டுசாமி சார் பக்கம் திரும்பினார்.

"சார், எனக்கு ஒரு கேள்வி உண்டா?"

"மாணவருக்குத்தானுங்க விதி." கிட்டுசாமி சார் யோசித்தார். "ஆனா முதல்வர் கேக்கக்கூடாதுன்னு எங்கயும் எழுதல. கேளுங்க."

மேடம் ஒலிபெருக்கியின் மேல் கை வைத்தார். காய்ச்சலில் கிடந்தபோது என் நெற்றியில் வைத்த மாதிரியே வைத்தார்.

"நான் என்னட்டி செஞ்சிருக்கணும்?"

அது யோசித்துத்தான் சொன்னது. "பெருசாச் சொல்ல விட்டிருக்கலாம் மேடம். சொன்ன பொறவு, எங்கிட்ட அது இல்லட்டின்னு நீங்க சொல்லியிருந்தா, நான் என்ன ஓடியா போயிருப்பேன்? எனக்கு வேற எடம் ஏது? ரெண்டு பேருமாத் தேடியிருப்போம்."

மேடம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தில் பாதி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மீதிப் பாதி பத்திரமாக இருந்தது.

"மார்க்குப் போட்டுறலாமுங்களா?" என்றார் கிட்டுசாமி சார், என் முதல்நாளிடம்.

"மூணு" என்றது. "மேடம், கோவப்படாதீங்க. பொய் சொல்லச் சொல்லியிருந்தா பத்து போட்டிருப்பேன்."

"கோவமில்லட்டி" என்றார் மேடம். "சரியாத்தான் போட்டிருக்க. மொத செட்டும் இதேதான் போட்டுது."

கிட்டுசாமி சார் விரல்ரேகை எந்திரத்தை என் பக்கம் நகர்த்தினார். அதில் பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது. "கட்டைவிரல் வெச்சீங்கன்னா முடிஞ்சுதுங்க கண்ணு. மார்க்கு ஏறிரும். முதல்நாளை அழிச்சிருவோம். ஒருத்தரோட மனசுங்க, அதுக்கு மேல வெச்சிருக்கக் கூடாது. சாயங்காலமே பட்டம் உங்க கைக்கு வந்துரும்."

"வைக்கலன்னா?"

"வைக்காம என்ன கண்ணு..."

"வைக்கலன்னா என்ன ஆகும் சார்?"

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். கிட்டுசாமி சார் சொன்னார்: "நிலுவையில நிக்குமுங்க. மார்க்கு ஏறாது. அடுத்த சுற்று வரைக்கும் காலேஜுக்கு ஒண்ணும் ஆகாது. முதல்நாள் உசுரோட இருக்கும். அது இப்பச் சொன்ன கிரேனும் தேவையில சேந்து நிக்கும். அழிச்சுட்டா, இப்ப மாத்திச் சொன்னது சாட்சி இல்லாத பேச்சாயிருமுங்க, எடுத்துக்க மாட்டாங்க. ஆனா பட்டம் கிடையாது. அடுத்த சுற்று வர ரெண்டு வருஷமாகும். சென்னைக்காரங்க பட்டம் இல்லாம உள்ள விட மாட்டாங்க கண்ணு."

"ஒருத்தி சொன்னா லேத்து வந்துருமா?"

"வராதுங்க. ஆனா இந்தப் பக்கத்துல யாருக்கும் ஆசை இல்லன்னு இனி எழுத முடியாது."

மேடம் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"வையிட்டி."

"மேடம்..."

"ஒண்ணும் பேசாத. வையி வெரல. காலேஜு போனாப் போவுது. அது எம்பாடு, நான் பாத்துக்கிடுதேன். ஒங்கப்பா தெருப்பூராச் சொல்லி வச்சிருக்காரு. மூணு கம்பெனிக்காரன் வேண்டாம்னு சொல்லி, நாலாவதா கெடச்ச வேலட்டி இது. அன்னைக்கு மெஸ்ஸுல நீ அழுதது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வையி!"

என் கட்டைவிரலை அவரே பிடித்துப் பச்சை விளக்கின் பக்கம் இழுத்தார். இந்த இடத்தைக் காப்பாற்றுவதற்காக இத்தனை வருடம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிக்கொடுத்தவர், இப்போது என் விரலைப் பிடித்து அதே இடத்தை மூடப் பார்த்தார். நல்ல பிடி. கணக்குத் தாளைப் பறித்துத் திருத்தும்போது பிடிக்கும் அதே பிடி. இப்படி ஓர் ஆளை எதிரே வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படித்தான் முழுசாகச் சண்டை போடுவது?

"ஏட்டி, நீ என்ன சொல்லுத?" என்று என் முதல்நாளைக் கேட்டேன்.

"ஒரு கேள்விதான ஒனக்கு? அது முடிஞ்சிட்டு" என்றது அது.

"திமிரு பாத்தீங்களா மேடம்?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் மேடம். மூக்கை உறிஞ்சினார். கையை மட்டும் விடவில்லை.

நான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். வலிக்காமல்தான் எடுத்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

"உக்காருட்டி. யோசிச்சுச் செய்வோம்."

"நீங்க யோசிங்க மேடம். நாளைக்குப் புதுப் பிள்ளைய வருதுல்லா? அந்த ரூம்பு வாசல்ல நீங்க நிக்கக் கூடாது."

"நிக்கல."

"சொல்லிக்குடுக்கக் கூடாது."

"இல்லட்டி. ஒங்கப்பாவுக்கு நான் என்ன பதிலு சொல்லுவேன்? அதச் சொல்லிட்டுப் போ."

"அத நான் பேசிக்கிடுதேன்."

"சந்தனமாரி!"

முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மேடம் பயந்திருக்கிறார் என்று அர்த்தம். நான் திரும்பவில்லை. திரும்பினால் விரலை வைத்துவிடுவேன். கதவைத் திறந்தேன். வராந்தாவில் மதிய வெயில் பாதி தூரம் வந்திருந்தது. உள்ளே கிட்டுசாமி சார் போனில் யாரிடமோ தணிந்த குரலில், "நிலுவைன்னு போட்டுக்கங்க" என்று சொல்வது கேட்டது. நான் படியிறங்கி நடந்தேன்.